பஞ்சைக் கடித்தபடி காத்திருந்தவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, புதுச்சேரியில் ஓர் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் ஒப்பந்த டாக்டராக இருந்தேன். நெல்லித்தோப்பில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பல் டாக்டரின் பிழைப்பு விசித்திரமானது. நாள் முழுக்க மனித முகங்களுக்கு அரை அடி தூரத்தில் இருப்போம். ஆனால் எதிரே இருப்பவரால் பேச முடியாது. பிரான்சில் இதே வேலை பார்க்கும் என் அத்தை மகள், அங்கே ஒரு நோயாளிக்கு அரை மணி நேரம் ஒதுக்குவார்கள் என்று போனில் சொல்வாள். எனக்கு அரை மணியில் ஆறு பேர். கேட்கவே எரிச்சலாக இருக்கும்.

அன்று திங்கட்கிழமை, நல்ல கூட்டம். காலை ஒன்பது மணிக்கு, மீன் விற்கும் ஓர் அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன். பஞ்சை வைத்து, "நல்லா கடிச்சிக்கிட்டு வெளிய உக்காருங்க. நான் வந்து பாத்துச் சொல்ற வரைக்கும் வாயத் திறக்காதீங்க" என்றேன். கொஞ்ச நேரத்தில் போய்ப் பார்த்து, பஞ்சை எடுத்து அனுப்பியிருக்க வேண்டும். சுத்தமாக மறந்துவிட்டேன்.

ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு வெளியே வந்தால், கதவையொட்டிய பெஞ்சில் அவர் மட்டும் வாயை இறுக மூடியபடி உட்கார்ந்திருக்கிறார். காலடியில் மீன் கூடை; ஐஸ் உருகித் தரையெல்லாம் தண்ணீர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவசரமாகப் பஞ்சை எடுத்துவிட்டு, "கதவையாவது தட்டியிருக்கலாமே?" என்று கேட்டேன், ஏதோ தப்பு அவருடையது போல.

"நீதானம்மா, சொல்ற வரைக்கும் தொறக்காதன்ன? அதான் குந்தினு இருந்தேன். மீனு போனா போவுது, வுடு" என்றவர், கூடையைத் தூக்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். "காலையிலேர்ந்து கேட்டுனுதான் இருந்தேன். வாயத் தொற, துப்பு, அடுத்த ஆளு. இத வுட்டா வேற ஒரு வார்த்த நீ பேசலியே. உனுக்குப் பேச ஆளே இல்லியா கண்ணு?"

பதில் சொல்வதற்குள் அவர் போய்விட்டார். அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்போது ரெட்டியார்பாளையத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் இருக்கிறேன். ஏசி அறை, கூட்டமில்லை, எல்லாம் வசதிதான். ஆனால் நான் சொல்வதை இன்னும் இரண்டு டாக்டர்களிடம் கேட்டுவிட்டுத்தான் நம்புகிறார்கள். வேலையில் திருப்தியா என்று யாராவது கேட்டால் அந்த அம்மாதான் நினைவுக்கு வருகிறார். என் ஒரு சொல்லை நம்பி அன்றைய பிழைப்பையே விட்டவரும், என் தனிமையைக் கண்டுபிடித்தவரும் அவர் ஒருவர்தான். அவரிடம் நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.