டேங்க் நிரப்பிக் கொடுத்த வீடு

ஹாலா சாலையின் குறுக்கே ரப்பர் குழாயை இழுத்துக் கட்டியதுதான் அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை. சனிக்கிழமை காலை. தூறிக்கொண்டிருந்தது. தீவின் அந்த மூலையில் தூறாத காலை அபூர்வம். மோமி சாலையின் ஒரு ஓரத்தில் மண்டியிட்டு ஆணி அடித்தாள். அவள் அப்பா எல்மர் பச்சேக்கோ குழாயின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு, பாதி தின்ற மலசாடா என்ற சர்க்கரைப் பணியாரத்தை வாயில் கவ்வியபடி எதிர் ஓரத்தில் நின்றார். சட்டையெல்லாம் சர்க்கரை.

“இன்னும் இழுங்கப்பா. தொய்யுது.”

அவர் மலசாடாவை வாயிலிருந்து எடுத்தார். “இதுக்கு மேல இழுத்தா நான் உன் பக்கம் வந்து விழுந்துருவேன்.”

மோமி கவுண்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், சாலைத் துறையில் பொறியாளர். குழாயின் மேல் சக்கரம் ஏறினால் உள்ளிருக்கும் காற்று ஓரத்துப் பெட்டிக்குள் போய் முட்டும், பெட்டி எண்ணிக்கொள்ளும். அவ்வளவுதான் கருவி. மகள் பெட்டியைச் சங்கிலியால் கம்பத்தோடு பூட்டி முடிப்பதற்குள், எல்மர் குழாயின் மேல் இரண்டு காலையும் சேர்த்து ஒரு குதி குதித்தார்.

“எண்ணிச்சா?”

“எண்ணாது. கார் கனம் வேணும்.”

“உங்கம்மா இருந்திருந்தா, உங்கப்பன் கனமே போதும்னு சொல்லிருப்பா.”

“சும்மா இருங்கப்பா. இது அரசாங்கச் சாமான்.”

“அப்ப ரோடு? ரோடு யாரு சாமான்?”

மோமி பூட்டை இழுத்துப் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் தார் முடிந்தது. ஆள் உயரத்துக்கு மேல் கறுப்புப் பாறை எழுந்து நின்றது. எரிமலைக் குழம்பு வந்து, ஆறி, இறுகியது. சாலை அதன் அடியில் போயிருந்தது. சாலைக் கோடியில் இருந்த அவர்கள் வீடும்.

வண்டியில் ஏறும்போது எல்மர் சொன்னார்: “ஒரு மூட்டை சிமெண்டு வாங்கணும். ஞாபகப்படுத்து.”

“சரிப்பா” என்றாள். எதற்கென்று கேட்கவில்லை.

பக்கத்து ஊரான பஹோவாவில் எல்மருக்கு ஒரு வாடகைக் கார் கடை இருந்தது. ஆறு கார்கள். எதுவும் புதிதில்லை. விமான நிலையத்துப் பக்கம் இருந்த பெரிய கடைகளில் கார் எடுத்தால், எங்கெல்லாம் போகக் கூடாது என்று சின்ன எழுத்தில் ஒரு பக்கம் அடித்துக் கொடுப்பார்கள். பனி விழும் மலை உச்சிக்குப் போகக் கூடாது, செங்குத்துப் பள்ளத்தாக்கில் இறங்கக் கூடாது, சரளைச் சாலையில் ஏறக் கூடாது. எல்மரின் ஒப்பந்தத்தில் ஒரே வரிதான். போன கார் திரும்பி வர வேண்டும்.

“தீவைப் பாக்கத்தானே லீவு போட்டுட்டு வர்றாங்க? போகாதேன்னு சொல்றதுக்கு எதுக்கு கார் குடுக்கணும்?” என்பார்.

காரோடு ஒரு வரைபடமும் கொடுப்பார். அவர் கையால் வரைந்தது, ஜெராக்ஸ். அருவி, கறுப்பு மணல் கடற்கரை, புகை வரும் பள்ளம், நல்ல பன்றிக்கறி கிடைக்கும் கடை எல்லாம் அதில் உண்டு. ஹாலா சாலையும் உண்டு. பாறை மூடியதாகவே காட்டாமல், தாழை மரங்களுக்கு நடுவே கடல் வரைக்கும் அதை இழுத்திருப்பார். கோடியில் சின்னதாக ஒரு வீடு. பக்கத்தில் சிவப்பு மையில்: இங்கே கண்டிப்பாகப் போகவும்.

போனவர்கள் பாறையில் முட்டிக்கொண்டு திரும்பி வந்து சண்டை பிடிப்பார்கள்.

“மேப்புல ரோடு போட்டிருக்கீங்க. அங்க ஒண்ணுமே இல்லயே?”

“இருக்கே. கீழ இருக்கு.”

குழம்பு வந்த வருஷம் ஹாலா சாலைக்காரர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. மெதுவாகத்தான் வந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எரிமலைத் தெய்வமான மலைக்காரி பேலே வருகிறாள் என்றால் வீட்டைக் கூட்டிப் பெருக்கி, புல்லை வெட்டி, வாசலில் இலைமாலை போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். வருகிறவளுக்கு வீடு அழுக்காக இருக்கக் கூடாது. எல்லோரும் செய்தார்கள். எல்மரும் செய்தார். ஜன்னல் கண்ணாடியைக்கூட, கார் கண்ணாடி துடைக்கும் துணியால் இரண்டு தடவை துடைத்தார். பிறகு யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். பஹோவாவுக்குப் போய்க் காஸ் சிலிண்டரை நிரப்பிக்கொண்டு வந்து அடுப்போடு மாட்டினார்.

ஊரைக் காலி செய்ய வந்த தீயணைப்புக்காரன் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துவிட்டான்.

“அங்கிள், உங்களுக்கு என்ன பைத்தியமா? நெருப்பு வர்ற வழியில ஃபுல் சிலிண்டரா?”

“வாடகைக்குக் குடுக்கும்போது டேங்க் ஃபுல்லாத்தான்டா குடுக்கணும். அதான் தொழில்.”

சிலிண்டரை அவன் பிடுங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு ஊருக்குள் அவருக்கு ‘ஃபுல் டேங்க் எல்மர்’ என்று பெயர் நின்றுவிட்டது. அவர் வேடிக்கைக்குச் செய்தார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நிவாரண முகாமில் யாரோ ஆறுதலாக, “விடுங்க எல்மர், மண்ணு அவளோடது. நாமெல்லாம் வாடகைக்கு இருந்தவங்கதானே” என்றபோதுதான் மோமிக்குப் புரிந்தது.

“நான் வாடகைக்காரன் இல்ல” என்றார் எல்மர். கையில் முகாம் சோற்றுத் தட்டு. “அவதான் எங்கிட்ட எடுத்திருக்கா. சுத்தமா குடுத்திருக்கேன். என்னைக்குத் திருப்பித் தருவேன்னு சொல்லல, அவ்வளவுதான். என் கார எடுத்துட்டுப் போறவங்கள்ல பாதிப் பேரு அப்படித்தான்.”

வீட்டுச் சாவி கார் சாவிக் கொத்திலேயே கிடந்தது. கடைசி வரைக்கும்.

மூடிப்போன சாலைகளை ஒவ்வொன்றாகப் பாறையை வெட்டித் திறந்து வந்தது கவுண்டி. ஹாலா சாலையின் முறை வந்தபோது, தார் முடிகிற முனை வரைக்கும் போதுமான வண்டிகள் வந்துபோகின்றனவா என்று எண்ணச் சொன்னார்கள். மாதக் கடைசி வரைக்கும் கெடு. எண்ணிக்கை குறைந்தால் சாலையைப் பதிவிலிருந்தே எடுத்துவிடுவார்கள். சாலை இல்லாவிட்டால் அந்த நிலத்தில் வீடு கட்ட அனுமதி கிடையாது, எப்போதும்.

எண்ணும் வேலை மோமிக்கு வந்தது. முதல் வாரம் பெட்டி காட்டியதைப் பார்த்து, கருவிதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தாள். முட்டுச் சந்துக்கு இத்தனை வண்டியா? நேரில் போய் நின்றாள். மஞ்சள் ஜீப் வந்தது. பிறகு வெள்ளைக் கார். பிறகு பம்பர் கோணிய நீலக் கார். இறங்கினார்கள், பாறையைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், திரும்பிப் போனார்கள். போகும்போது குழாய் இன்னொரு தடவை எண்ணிக்கொண்டது.

“அப்பா, இது ஏமாத்து வேலை.”

“யார ஏமாத்துறேன்? கார் போச்சா இல்லயா?”

“டூரிஸ்ட்டு சும்மா போய்ட்டு வர்றது ஒரு போக்குவரத்தாப்பா?”

“உன் குழாய் மூஞ்சி பாக்குமா?”

பார்க்காது. பெரும்பாலும் வாடகைக் கார்கள் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினாள். அப்பாவிடமும் அதைச் சொன்னாள். “எழுது, எழுது. கடைப் பேரையும் சேர்த்து எழுது. என் கடைக்கு விளம்பரம்” என்றார்.

மறுவாரமும் எண்ண வேண்டியிருந்தது. குழாய் கிழிந்திருந்தது. அதை மாற்றத்தான் அந்தச் சனிக்கிழமை போனார்கள்.

செவ்வாய்க்கிழமை, வெள்ளைக் காரின் பின் இருக்கையில் மணலைக் கருவியால் உறிஞ்சிக்கொண்டிருந்தபோது எல்மரின் இதயம் நின்றது. பக்கத்துக் கடைக்காரர் வந்து பார்த்தபோது உறிஞ்சும் கருவி ஓடிக்கொண்டே இருந்ததாம். அதை யாரும் நிறுத்தவில்லை. மோமி வந்துதான் நிறுத்தினாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் கடையைத் திறந்தாள். மூடுவதற்காகத்தான் திறந்தாள். வெளியே போயிருந்த ஒரே வண்டி மஞ்சள் ஜீப். அது வந்ததும் ‘திறந்திருக்கிறது’ பலகையைக் கவிழ்த்துவிடலாம்.

ஜீப் மத்தியானம் வந்தது. மினசோட்டாவிலிருந்து வந்த வயதான தம்பதி. காது மடலெல்லாம் வெயிலில் உரிந்திருந்தது.

“அங்கிள் எங்கம்மா?” என்றாள் அந்த அம்மாள். “அங்கிள்னுதான் கூப்பிடணும்னு சொன்னாரு. என்னை விடச் சின்னவருதான், இருந்தாலும் கூப்பிட்டேன்.”

மோமி சொன்னாள். அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் தொப்பியைக் கழற்றினார். எதையாவது சொல்ல வேண்டுமே என்று அவர்தான் ஆரம்பித்தார்.

“நீங்க பின்னாடி ஒரு தபால் பெட்டி வெச்சிருந்தீங்க, மறந்துட்டீங்க போல. தீவு பூரா எங்ககூடவே வந்துச்சு. அருவிக்கு வந்துச்சு. மலை உச்சிக்கு வந்துச்சு. அங்க இவளுக்கு மூச்சு வாங்குச்சு, அது மட்டும் ஜம்முனு இருந்துச்சு.”

“ஒவ்வொரு வளைவுலயும் கடகடன்னு சத்தம்” என்றாள் மனைவி. “இவரு அதுகூடச் சண்டை போட்டாரு. அப்புறம் பேரே வெச்சுட்டாரு.”

“என்ன பேரு?”

“எல்மர்னுதான். அதுல அப்படித்தானே எழுதியிருக்கு?”

மோமி போய்ப் பார்த்தாள். வீட்டு வாசலில் வைக்கிற தகரப் பெட்டி, புதிது. கையால் எழுதிய எண், ஹாலா சாலையின் கடைசி வீட்டு எண். கீழே எல்மர் பச்சேக்கோ. பெயின்ட் ஓரிடத்தில் வழிந்திருந்தது. பக்கத்தில் அதை மாட்டி நட ஒரு மரத்தூண்.

“அந்த ரோட்டுக்கும் போனோம்” என்றார் கணவர். “முதல்ல எனக்குக் கோவம்தான். அவரு என்ன சொல்லி அனுப்பினாருன்னா, பாறை மேல ஏறிக் கடல் பக்கமா நடங்க, சின்னதா ஒரு ஓஹியா செடி முளைச்சிருக்கும், அதான் என் சமையக்கட்டு, அங்க உக்காந்து சாப்பிடுங்கன்னாரு. சாப்பிட்டோம்.”

“பெருக்கிட்டுத்தான் வந்தேன்” என்றாள் மனைவி. “ரொட்டித் துணுக்கெல்லாம் எடுத்துட்டேன்.”

அவர்கள் போன பிறகு பலகை கவிழாமல் தொங்கியது.

சாயங்காலம் ஓஷிரோ வந்தார். மோமியின் துறையில் அவளுக்கு மேலதிகாரி. ஈரக் குடையை வாசலிலேயே வைத்துவிட்டு நின்றார்.

“இந்த வாரம் ஹாலாவுல கிட்டத்தட்ட ஒண்ணுமே ஓடல, மோமி.”

“தெரியும், பாஸ்.”

“கெடு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. அங்கிளே போய்ட்டாரு. இனிமே யாருக்கு ரோடு? விட்டுரு. மனசுக்கும் நல்லது.”

“நிலம் யாரு பேர்ல இருக்கு?”

“இனிமே உன் பேர்லதான்.”

“அப்ப குழாய வேற ஆள்கிட்டக் குடுங்க. நான் இனிமே எண்ணுற ஆள் இல்ல. வண்டி ஓட்டுற ஆள்.”

ஓஷிரோ சொன்னார்: “மேல உள்ளவங்க கேப்பாங்க. வாடகைக் காரெல்லாம் கணக்கான்னு.”

“விதியில வண்டின்னு இருக்கா, சொந்த வண்டின்னு இருக்கா?”

“வண்டின்னுதான் இருக்கு.”

“அப்ப கேக்கட்டும். வந்து பேசுறேன். எங்கப்பா மாதிரி இல்ல, நான் வரைபடத்தோட பேசுவேன்.”

“உங்கப்பாவும் வரைபடத்தோடதான் பேசினாரு” என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு ஓஷிரோ போனார்.

மறுநாள் காலை ஐந்து கார்கள் வெளியே போயின. ஒவ்வொருவரிடமும் சாவியையும் வரைபடத்தையும் கொடுத்தாள். ஒரு இளைஞன் சிவப்பு மையைத் தொட்டுக் காட்டி, “இங்க என்ன இருக்கு?” என்றான்.

“எங்க வீடு” என்றாள் மோமி. “கீழ இருக்கு. போய்ப் பாருங்க.”

பிறகு மஞ்சள் ஜீப்பில் டேங்கை நிரப்பிக்கொண்டு அவளே கிளம்பினாள். தபால் பெட்டி பின்னால் கடகடத்தது. ஹாலா சாலையில் திரும்பியதும் முன் சக்கரம் குழாயின் மேல் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறி இறங்கியது. தார் முடிகிற இடம் வரைக்கும் போய், திரும்பி, மறுபடி குழாயைத் தாண்டினாள். மறுபடி வந்தாள். எத்தனை முறை என்று எண்ணவில்லை. அது இப்போது வேறு ஆளின் வேலை.

கடைசியில் வண்டியை நிறுத்தி, தூணை எடுத்துப் பாறையின் ஒரு வெடிப்பில் செருகினாள். சுற்றிலும் கல் அடுக்கினாள். மேலே பெட்டியை மாட்டினாள். கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது. கையால் அசைத்தால் ஆடியது.

அப்பா கேட்ட சிமெண்டு இன்னும் வாங்கவில்லை.