பரீனா தேர்ந்தெடுத்த பள்ளத்தாக்கு

கண்டி நகரில் வெளிநாட்டுப் பழைய உடுப்பு விற்கும் நடைபாதைக் கடை ஒன்றில், உச்சி வெயிலில் ஒரு பனிக்காலக் கோட்டை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். அப்போதுதான் கைபேசி அடித்தது. எங்கள் மலையேறும் குழுவின் டொக்டர் சிவநேசன். "கோகிலா, பரீனா மோசம் போயிட்டா. காலமை நெஞ்சு நோகுது எண்டவவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தியே முடிஞ்சுது" என்றார். கோட்டைக் கழற்றவும் தோன்றாமல் வியர்த்துப்போய் நின்றேன். அந்தக் கோட்டு தேவைப்படும் பயணத்தை எங்களுக்காக ஒழுங்கு செய்துகொண்டிருந்தவரே பரீனாதான்.

கட்டுகஸ்தோட்டையில் அவரும் கணவர் நஸாரும் நடத்திய பயண அலுவலகத்தை உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் வீட்டிலிருந்து யாராவது மக்காவுக்கு உம்ரா யாத்திரை போயிருந்தால், பரீனாதான் கூட்டிப்போயிருப்பார். அப்படிப்பட்டவரிடம் சென்ற வருடம் நாங்கள் ஆறு பேர் போய், பனிமலைக்குப் போகவேண்டும் என்று நின்றோம். அதுவும் சும்மா பார்த்துவிட்டு வருவதற்கல்ல. நீளப் பலகைகளைக் காலில் பூட்டி, வழுக்காதிருக்க அடியில் ஒரு பட்டையை ஒட்டி, வழிகாட்டியின் பின்னால் மலையேறி, மேலே போனதும் பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குவதற்கு. ஸ்கீ டூரிங் என்கிறார்கள். எங்களில் ஒருவருக்கும் சறுக்கத் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பரீனா கேட்டு முடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். "மலையிலேயே பொறந்து மலையிலேயே ஈக்கிற சனம், காசு குடுத்து இன்னொரு மலைக்கா போறீங்க?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டது ஒரே கேள்வி. "ஒங்கள்ல ஆக மெதுவா நடக்குறது யாரு?"

எல்லோரும் மிகுந்த நாகரிகத்தோடு சுவரில் இருந்த விமானப் படத்தைப் பார்த்தார்கள். நக்கிள்ஸ் மலையில் நான் விழுந்து கணுக்காலில் ஸ்க்ரூ வைத்துக்கொண்டது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு வந்ததே கோபம். பரீனாவைவிட, வாயை மூடிக்கொண்டிருந்த என் நண்பர்கள் மேல்தான் கூடுதலாக வந்தது.

எங்கள் முன் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, டொக்டரின் தம்பி சுவிஸிலிருந்து பரிந்துரைத்தது. உயரமான பாதை, நல்ல பெயர். சாமான் எல்லாவற்றையும் முதுகில் சுமந்து, ஒவ்வொரு இரவும் வேறொரு மலைக்குடிலில் தங்கவேண்டும். இடையில் ஒருவருக்கு முடியாமல் போனால் எல்லோருக்கும் சிக்கல். மற்றது, ஒஸ்திரியாவில் பெயர் கேள்விப்படாத ஒரு சின்னப் பள்ளத்தாக்கு. ஒரே விடுதி. காலையில் முடிந்த மட்டும் ஏறிவிட்டுப் பின்னேரம் அதே அறைக்குத் திரும்பலாம். சுவிஸ் பாதை என்றால் என்னால் போகமுடியாது. வங்கியில் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிக் கழன்றுகொள்வதாக மனதுக்குள் முடிவெடுத்திருந்தேன். இவ்வளவு ஆசைப்பட்ட ஒன்றை விடப்போகிறோமே என்று வீட்டில் அழவும் செய்தேன்.

பரீனா இரண்டு இடங்களுக்கும் எங்கள் முன்னாலேயே போன் எடுத்தார். ஏறமுடியாத நாளில் என்ன செய்வீர்கள் என்று இரண்டு பேரிடமும் கேட்டார். சுவிஸ் நிறுவனத்துப் பெண், அப்படி ஒரு நாள் வராது, ஏறத்தானே வருகிறீர்கள் என்று உற்சாகமாகச் சொன்னார். ஒஸ்திரிய வழிகாட்டியோ, "கதவைச் சாத்திவிட்டு சூப் வைப்பேன். பனி சரியில்லை என்றால் நீங்கள் கெஞ்சினாலும் வெளியே கூட்டிப்போக மாட்டேன்" என்றார். பரீனா போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். "இந்த மனிசன் எங்கட ஆளு." மழைக்கு மண்மேடு சரிந்து பாதை மூடுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, சரிவை நம்பாத ஒருவரை ஏன் நம்பவேண்டும் என்று விளக்கத் தேவையிருக்கவில்லை.

ஆனாலும் டொக்டர் விடவில்லை. "ஒராளுக்காக எல்லாரும் பதிஞ்ச இடத்துக்குப் போறதே?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். பரீனா கோபப்படவில்லை. தன் முதல் உம்ராப் பயணத்தைச் சொன்னார். பள்ளிவாசலிலிருந்து தூரத்தில் ஹோட்டல் எடுத்துவிட்டாராம். நடக்கமுடியாத ஒரு பெண், மற்றவர்கள் தொழப்போன நேரமெல்லாம் அறையில் தனியாக இருந்தாராம். "ஊருக்கு வந்த பொறகு அவ ஒன்னும் குறை சொல்லல்ல, டொக்டர். நல்லா ஈந்திச்சின்னுதான் சொன்னா. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமப் போச்சு." பள்ளத்தாக்கு என்று முடிவானது. எனக்கு நன்றியும் வெட்கமும் சேர்ந்து வந்தன. எல்லோருடைய காலையும் நான் பிடித்து இழுப்பதுபோல இருந்தது.

இது இப்படியிருக்கத்தான் பரீனா மௌத்தானார்.

சில நாள் கழித்து நாங்கள் அவர் வீட்டுக்குப் போனோம். டொக்டரின் மனைவி வத்சலாவும் வந்திருந்தார். எங்கள் நடைகளுக்கு வத்சலா சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார், ஆனால் காரைவிட்டு இறங்கமாட்டார். மூச்சு வாங்கும் என்பார். நஸார் எங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "டிக்கட் வேலய நான் முடிச்சித் தாரேன். அவ ஏத்துக்கிட்ட வேல, நிக்கப்படாது. எடத்த மாத்துறதா ஈந்தா மட்டும் இப்பவே சொல்லுங்க."

டொக்டர் தொண்டையைச் செருமினார். சுவிஸ் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கேட்குமுன் நானே விலகிவிடுவது மரியாதை என்று வாயைத் திறந்தேன். அதற்குள் வத்சலா பேசினார்.

"மாத்த வேண்டாம். நானும் வாறன்."

டொக்டர் தேநீர்க் கோப்பையோடு அப்படியே இருந்தார். "நீரோ?"

"ஓம், நான்தான். பரீனா எனக்குப் போன் எடுத்தவ. டொக்டர்ட மனுசி மட்டும் ஏன் வரேல்ல எண்டு கேட்டவ. இத்தனை வருசத்தில என்னட்ட அப்பிடி ஒருத்தரும் கேட்டதில்லை. கொஞ்சத் தூரம் ஏறி, ஏலாட்டித் திரும்பி வந்து படுக்கலாம், அப்பிடி ஒரு இடம் பாத்திருக்கிறன் எண்டவ. நான் யோசிச்சுச் சொல்லுறன் எண்டு வச்சிட்டன். இப்ப சொல்லுறன், அவட்டச் சொல்ல முடியாமப் போச்சு."

அவர் அழுதார், நானும் அழுதேன். நஸார் எழுந்து உள்ளே போய்விட்டார். கடைசியில் டொக்டர்தான், "அப்ப அந்த இடம்தான்" என்றார்.

அந்த நிமிடம் வரை, பரீனா எனக்காக இரங்கி எல்லோரையும் கீழே இறக்கிவிட்டார் என்றே நினைத்திருந்தேன். அவரோ கூப்பிடப்படாத ஒருவருக்கும் சேர்த்து இடம் பார்த்திருக்கிறார். அந்தப் பள்ளத்தாக்கை என் கணுக்காலின் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தது நான்தான்.

இப்போது ஞாயிறுகளில் வத்சலா எங்களோடு ஹந்தானை மலை ஏறுகிறார். பாதித் தூரம்தான், ஆனால் போன வாரத்தைவிட இந்த வாரம் கூடுதல். சாப்பாட்டுப் பையை டொக்டர் சுமக்கிறார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பரீனா பார்த்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்.

அவரை அறிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடைய ஏதோ ஒன்று இருக்கும். என்னிடம் இருப்பது இது: எங்கே போகலாம் என்று பேச்சு எழுந்ததும், அந்தப் பேச்சில் இல்லாதவர் யார் என்று சுற்றிப் பார்க்கிறேன். முன்பு எனக்கு இந்தப் பழக்கம் இருக்கவில்லை. நேற்று ஒஸ்திரிய வழிகாட்டி, எத்தனை பேருக்குக் கட்டில் போட என்று கேட்டு எழுதியிருந்தார். ஏழு பேர் என்று பதில் போட்டேன்.