மாவுக்கட்டும் கதவுப் புத்தகமும்

விழுப்புரத்தில் நாங்கள் சென்ற மருத்துவமனையின் தாழ்வாரம் மிக நீளமானது. அதன் கடைசி அறைக்குள் என் பேத்தி கயலை மயக்க மருந்து கொடுத்துக் கொண்டுசென்றிருந்தார்கள். இரண்டு வயது நிரம்பாதவள். முந்தைய நாள் மாலை கட்டிலிலிருந்து குதித்தவள், எழுந்து நிற்க மறுத்து, வலது காலைத் தொடவிடாமல் அலறினாள். தொடை எலும்பு முறிந்திருந்தது.

வெளியே கொண்டுவந்தபோது அவள் பாதி குழந்தை, பாதி வெள்ளைச் சிலை. அதற்கு ஸ்பைகா (இடுப்பைச் சுற்றி, முறிந்த காலின் பாதம் வரை போடப்படும் மாவுக்கட்டு) என்று பெயர் சொன்னார்கள். இடது கால் மட்டும் வெளியே இருந்தது.

“இந்த வயசுல எலும்பு சீக்கிரம் ஒட்டிக்கும். ஒடம்ப ரொம்ப முறுக்கினா இடுப்புகிட்ட கட்டு விரிசல் விடும், எலும்பு விலகிடும். அப்புறம் மறுபடியும் மயக்கம் குடுத்து மொதல்லேர்ந்து போடணும்” என்றார் மருத்துவர்.

“ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டா மேடம்” என்றாள் என் மகள் சுமதி.

“இருக்க வெக்கறதுதாம்மா இனிமே உங்க வேல.”

அந்த வேலை எனக்கு வாய்த்தது. சுமதி செஞ்சிக்கு அருகே வல்லத்தில் ஓர் அலுவலகத்துக்குச் செல்பவள். மருமகன் வெளியூரில் பணி. நானோ செஞ்சிக் கடைத்தெருவில் சாக்கும் கயிறும் விற்பவன். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுக் குழந்தையின் கட்டிலருகே அமர்ந்தேன்.

முதலில் கைப்பேசியை நம்பினோம். பாட்டு ஒலித்ததும் கயலின் இடது கால் தாளமிட்டது. பிறகு கட்டோடு சேர்ந்து இடுப்பும் ஆடத் தொடங்கியது.

“ஐயையோ, மாவுக்கட்டோட ஆடுறா! பாட்ட அணை நைனா!” என்று சுமதி ஓடிவந்தாள்.

மறுநாள் அவள் இரண்டு கதவுப் புத்தகங்கள் வாங்கிவந்தாள். தடித்த அட்டைப் பக்கங்கள். ஒவ்வொரு படத்தின் மேலும் சிறு அட்டைக் கதவு. திறந்தால் உள்ளே ஒரு பிராணி.

புத்தகம் என்றால் முதல் பக்கத்திலிருந்து முறையாக வாசிக்கவேண்டும் என்பது என் கொள்கை. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றதால் நானே முயன்று கற்றவன். எழுத்தின் மீது எனக்கு மரியாதை அதிகம். எனவே கதவை விரலால் மூடிக்கொண்டு, கீழேயுள்ள வரிகளைத் தெளிவாக உச்சரித்தேன்.

“தொற! தொற!” என்று கயல் என் விரலைப் பிடுங்கினாள்.

“இன்னா நைனா, மேடையில பேசுற மாதிரி படிக்கிற? அவ தொறக்கட்டும். நீ கம்முனு இரு” என்றாள் சுமதி.

நான் கம்மென்று இருந்தேன். கயல் திறந்தாள், பார்த்தாள், மூடினாள். அதையே மீண்டும் திறந்தாள். வாசலில் பால்காரர் மணியடித்தும் தலை திரும்பவில்லை. இடுப்பு அசையவே இல்லை.

அட்டைக் கதவுகள் சில நாள்களில் கிழிந்து உதிர்ந்தன. அப்போது என் தொழில் கைகொடுத்தது. கோணி ஊசியும் சணல் நூலும் கொண்டு ஒரு துணிப் புத்தகம் தைத்தேன். சொரசொரப்பான சாக்கில் எங்கள் ஊர் மலை. மலையில் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் குரங்கு. கடைசிப் பக்கத்துக் கதவுக்குள் சுமதியின் சிறு புகைப்படம்.

ஆனால் கதவுகளைச் சாக்கின் வாயைத் தைப்பதுபோல், ஒரு மணி கடலைகூடச் சிந்தாத இறுக்கத்தோடு தைத்துவிட்டேன். கயல் மூச்சைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் உடலே திருகியது. கட்டைத் தடவித் தடவிப் பார்த்தேன். விரிசல் இல்லை.

“அது புள்ளைக்கு நைனா, லாரிக்கு இல்ல” என்று சிரித்தாள் சுமதி. மூன்று ஓரத் தையலையும் பிரித்து, ஒன்றை மட்டும் விட்டேன்.

இதே நிலையில் இருக்கும் குடும்பத்தாருக்கு இரண்டு சொற்கள். புத்தகத்தைக் குழந்தையின் மார்புக்கு நேரே பிடியுங்கள். பக்கவாட்டில் வைத்தால் திரும்புவார்கள். பொத்தான், மணி போன்றவற்றைத் தைக்காதீர்கள். கழன்றால் வாய்க்குள் போகும், அல்லது கட்டுக்குள் விழுந்து புண்ணாக்கும்.

பகலெல்லாம் கயல் கடைசிக் கதவைத் திறந்து, “ம்மா தோ!” என்று காட்டி, மூடிவிடுவாள். அழமாட்டாள். மூடினாலும் அம்மா உள்ளேயே இருக்கிறாள் என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது. மாலையில் வீட்டு வாசல் திறந்து சுமதி நுழையும்போதும் அதே “ம்மா தோ!” தான்.

கட்டைப் பிரிக்கும் நாள் வந்தது. அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் எனக்கே வியர்த்தது. “அழுவா, கெட்டியா புடிச்சிக்கோங்க” என்றார் மருத்துவர். கயல் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு மாவுக்கட்டின் மேல் நீளமாக விழுந்த கோட்டைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“தொற!” என்று மருத்துவருக்குக் கட்டளையிட்டாள்.

கட்டு இரண்டாகப் பிளந்தது. உள்ளே மெலிந்து, தோலுரிந்த சிறு கால்.

“காலு தோ!”

அந்த அறையில் சிரிக்காதவர் இல்லை. எக்ஸ்ரே படத்தைப் பார்த்த மருத்துவர், எலும்பு நேராகக் கூடிவிட்டதாகச் சொன்னார். சுமதி அழுதுகொண்டே சிரித்தாள்.

இப்போது கயல் ஓடுகிறாள். நான்தான் மூட்டுவலியோடு உட்கார்ந்திருக்கிறேன். முன்பெல்லாம் உடலை ஒரு மூட்டையாகவும் பொழுதை அதைச் சுமக்கும் தூரமாகவும் எண்ணியிருந்தேன். அவள் ஓடிவந்து என் வேட்டி ஓரத்தைத் தூக்குகிறாள். “தாத்தா காலு தோ!” மூடுகிறாள். மறுபடி திறக்கிறாள். ஒவ்வொரு முறையும் அது அங்கேயே இருப்பது எங்கள் இருவருக்கும் புதுச் செய்தியாக இருக்கிறது.