காலர் தைத்த நிதியமைச்சர்

எங்கள் தையல் யூனிட் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேலே இருந்தது. மரப்படி ஏறி வந்தால் நீளமான ஒரே ஹால், இருபத்திரண்டு மெஷின், தெருப்பக்கம் நான்கு ஜன்னல். மூன்றாவது ஜன்னலை ஒட்டிய மெஷினில் அக்கா உட்கார்ந்திருப்பாள். சட்டைக்குக் காலர் வைப்பது அவள் வேலை. அடுத்த மெஷினில் நான் காஜா எடுப்பேன், அதாவது பட்டன் நுழைகிற துளையைச் சுற்றித் தைப்பேன். பதினோரு வருஷம் அவளுடைய இடது தோளைப் பார்த்தபடியே வேலை செய்திருக்கிறேன்.

அவளுக்கு நிதியமைச்சர் என்று பெயர் வைத்தவர் கட்டிங் மாஸ்டர். நூல்கண்டு விலை ஏன் ஏறியது என்று ஒரு நாள் மதிய இடைவேளை முழுக்க அக்கா விளக்கினாள். பொறுமையாகக் கேட்ட மாஸ்டர் சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு, "நிதியமைச்சர் உரை முடிஞ்சுதா? நாங்க சாப்பிடலாமா?" என்றார். ஹாலே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதன்பிறகு முதலாளி முதல் கூட்டிப் பெருக்குகிற அம்மா வரை எல்லோருக்கும் அவள் நிதியமைச்சர்தான். நான் மட்டும் அக்கா என்றே கூப்பிட்டேன்.

எட்டாவது வரைதான் படித்தவள். அவள் அப்பா மளிகைக் கடைகளுக்குப் காகிதப் பை ஒட்டிக் கொடுப்பவர். வீட்டுக்குப் பழைய செய்தித்தாள் கட்டுக்கட்டாக வரும். பிள்ளைகள் எல்லோரும் கிழித்து ஒட்ட வேண்டும். அக்கா ஒட்டுவதற்கு முன் படித்துவிடுவாள். எல்லாம் அரைகுறைச் செய்தி. பட்ஜெட் உரையின் முதல் பத்தி இருக்கும், அடுத்த பத்தி எந்தக் கடையில் பருப்பு சுமந்துகொண்டிருக்கிறதோ தெரியாது. "அதனாலதான் எனக்கு இந்தப் புத்தி. யாரு எதைச் சொன்னாலும் மீதி எங்கன்னு தேடுவேன்" என்பாள். கணவர் லாரி மெக்கானிக், நல்ல மனுஷன், பேச்சு மட்டும் வராது. "வீட்டுல நான் ஒரு மணி நேரம் பேசினா அவரு ஒரு தடவை 'ம்' போடுவாரு. அதுக்கும் தண்ணி வேணும்னு அர்த்தம். அப்புறம் நான் எங்கடி போய்ப் பேசறது?"

பேசுவதற்குத்தான் மாஸ்டர் இருந்தார். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் முழுக்கைச் சட்டையில் இருப்பார். துணி வெட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார், விட்டபிறகுதான் பேச்சு. இருவரும் வேறு வேறு கட்சி. மதியம் மணியடித்ததும் வெட்டும் மேசையில் துணியை ஒதுக்கிவிட்டு எங்கள் டிபன் பாக்ஸ்கள் வரிசையாக உட்காரும். ஒரு முனையில் அக்கா, மறுமுனையில் மாஸ்டர். நடுவில் நாங்கள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு சாப்பிடுவோம். திரும்ப மணியடித்தால் பேச்சு பாதி வார்த்தையில் நிற்கும். அது அவர்களே போட்டுக்கொண்ட விதி. மறுநாள் அதே பாதி வார்த்தையிலிருந்து தொடங்குவார்கள்.

நான் சொல்லப்போகிற தேர்தல் வந்த வருஷம், ஊரெங்கும் ஒரே பேச்சு இறக்குமதி வரிதான். வெளிநாட்டு ரெடிமேட் துணிகளுக்கான வரியை எடுத்துவிடுவோம் என்றது எதிர்க்கட்சி. அது மாஸ்டரின் கட்சி. எடுக்கவிடமாட்டோம் என்றது ஆளுங்கட்சி. தன் கட்சிதான் என்றாலும் மற்ற விஷயங்களில் ஆளுங்கட்சியை அக்கா கிழிகிழி என்று கிழிப்பாள். இந்த ஒன்றில் மட்டும் அதன் பக்கம் நின்றாள்.

"ஒரு சட்டை எடுக்க நம்ம ஜனங்க மூணு மாசம் யோசிக்கிறாங்க" என்று மாஸ்டர் தொடங்கினார். "வெளிநாட்டுச் சட்டை பாதி விலைக்கு வந்தா நல்லதுதானே? நாட்டுல சட்டை தைக்கிறவங்க எத்தனை பேரு, போடறவங்க எத்தனை பேரு?"

"நான் வருஷத்துக்கு ரெண்டு சட்டை வாங்கறேன், வீட்டுக்காரருக்கு. ஒரு நாளைக்கு எண்பது காலர் தைக்கிறேன். எனக்கு எது பெரிசு மாஸ்டர்?"

"உங்களுக்கு அது பெரிசு, ஒத்துக்கறேன். ரோட்டுல கல்லு உடைக்கிறவனுக்கு? அவன் பிள்ளையும் கிழியாத சட்டை போடட்டுமே. இன்னொண்ணும் சொல்றேன். வரிங்கிற சுவருக்குப் பின்னாடி பத்திரமா உக்காந்துட்டுத்தானே நம்ம முதலாளி இருபது வருஷமா இந்த ஓட்டை மெஷினையே ஓட்டறாரு? போட்டி வரட்டும், தன்னால மாத்துவாரு."

அக்கா என் மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். மெஷின் ஓட்டைதான். என் மெஷின் பத்து காஜாவுக்கு ஒரு தடவை நூலை அறுக்கும். மணியடித்தது. மறுநாள் காலை படியேறி வரும்போதே, செருப்பைக்கூடக் கழற்றாமல், வெட்டும் மேசைக்குப் போய்ச் சொன்னாள்:

"மாத்துவாரு மாஸ்டர். மெஷினை இல்ல, தொழிலை. வரி போன ஆறே மாசத்துல இந்த ஹாலை மூடிடுவாரு."

மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "ராத்திரி தூங்கவே இல்லையா நீங்க?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு இருவர் சொல்வதும் சரியென்றே படும். அக்கா பேசும்போது அக்கா சரி, மாஸ்டர் பேசும்போது மாஸ்டர் சரி. அதைச் சொன்னால் இருவருமே என்னைத் திட்டுவார்கள்.

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது எதிர்க்கட்சி வேட்பாளர் எங்கள் யூனிட்டுக்கு வந்தார். முதலாளிக்கு வேண்டியவர். காலையிலேயே முதலாளி ஹாலுக்கு வந்து, "யாரும் எதுவும் கேக்க வேணாம். கும்பிடு போட்டா போதும்" என்று சொல்லிவிட்டு, அக்காவை மட்டும் இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

வேட்பாளர் பத்துப் பதினைந்து பேரோடு படியேறி வந்தார். மெஷின்களை நிறுத்தினோம். நல்ல குரல் அவருக்கு. விலைவாசி குறையும், நாடு திறக்கும், வாய்ப்பு பெருகும் என்று அழகாகப் பேசினார். பேசி முடித்துக் கைகூப்பியபோது அக்கா எழுந்து நின்றாள்.

"ஐயா, ஒரே ஒரு சந்தேகம். வெளிநாட்டுச் சட்டை வந்தா விலை குறையும், சரி. இந்த ஹால்ல இருபத்தெட்டு பேர் இருக்கோம். வேலை போச்சுன்னா, அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் எங்களுக்கு என்ன ஏற்பாடு? அதைச் சொல்லிட்டீங்கன்னா நானும் மாஸ்டர் பக்கம் வந்துடறேன்."

"நாடு முன்னேறும்போது நாம எல்லாரும் முன்னேறுவோம்மா" என்றார் அவர் சிரித்தபடி.

"சந்தோஷம்யா. மீதி?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேட்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. அப்போதுதான் வெட்டும் மேசைப் பக்கமிருந்து மாஸ்டர் இரண்டடி முன்னால் வந்தார்.

"தலைவரே, நான் உங்க கட்சி. ஓட்டு வந்த நாள்லேர்ந்து உங்க சின்னத்துக்குத்தான் போடறேன். இந்தம்மாவுக்கும் எனக்கும் ஒரு விஷயத்துலயும் ஒத்துப்போகாது. ஆனா கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்லிட்டுப் போங்க."

"அறிக்கையில எல்லாம் விவரமா இருக்கு" என்றார் வேட்பாளர். கூட்டம் கீழே இறங்கியது. அன்று சாயங்காலம் மாஸ்டர் அந்தத் தேர்தல் அறிக்கையை எங்கிருந்தோ வாங்கிவந்து, மேசைமேல் விரித்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துப் படித்தார். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அக்கா கேட்ட மீதி அதிலும் இல்லை.

மறுநாள் அக்காவைக் காலர் மெஷினிலிருந்து எடுத்து நூல் நறுக்கும் மேசையில் உட்கார வைத்தார் முதலாளி. புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்கிற வேலை அது. தைத்து முடித்த சட்டையில் தொங்குகிற நூல்களைச் சின்னக் கத்தரியால் நறுக்க வேண்டும், அவ்வளவுதான். அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நறுக்கினாள். காதோரம் மட்டும் சிவந்திருந்தது. பக்கத்து மெஷினில் வேறொரு தோள் தெரிய, எனக்கு அன்று காஜா கோணிக் கோணிப் போயிற்று.

மாஸ்டர் சண்டை போடவில்லை. முதலாளியின் அறைக்குப் போய் வந்தார், வழக்கம்போல் துணியை விரித்து வெட்டத் தொடங்கினார். முன்பக்கம் வெட்டினார், பின்பக்கம் வெட்டினார், கை, பாக்கெட் எல்லாம் வெட்டினார். காலர் மட்டும் வெட்டவில்லை.

"காலர் பீஸ் எங்கய்யா?" என்று முதலாளி வந்து கத்தினார்.

"காலர் தைக்கிறவங்க அவங்க இடத்துல உக்காரட்டும் சார். வெட்டித் தரேன்."

மூன்று நாள். கழுத்தில்லாத சட்டைகள் ஹாலின் மூலையில் இடுப்பளவு குவிந்தன. போகிறபோதும் வருகிறபோதும் நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வோம். நான்காம் நாள் காலை முதலாளி யார் முகத்தையும் பார்க்காமல், "அந்தம்மாவை இடத்துல போய் உக்காரச் சொல்லு" என்று காற்றிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, உட்கார்ந்தாள். மாஸ்டர் காலர் கட்டைக் கொண்டுவந்து வைத்தபோது, நிமிராமலே சொன்னாள்: "இதுக்காக உங்க கட்சிக்கு மாறிடுவேன்னு மட்டும் நினைக்காதீங்க."

"நல்லவேளை. மாறிட்டா நான் மத்தியானம் யாரோட பேசறது?"

தேர்தலில் மாஸ்டரின் கட்சி ஜெயித்தது. ஒரு பெட்டி இனிப்பு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். அக்கா இரண்டு எடுத்தாள். "ஒண்ணு நீங்க ஜெயிச்சதுக்கு. இன்னொண்ணு, இனிமே எது நடந்தாலும் நீங்கதான் பதில் சொல்லணும்கிறதுக்கு." அவர் இன்னொன்றையும் எடுத்து அவள் கையில் வைத்தார்.

வரி போயிற்று. அடுத்த வருஷமே கடைத்தெருவில் வெளிநாட்டுச் சட்டைகள் தொங்கின. ஒரு நாள் மாஸ்டர் அதில் ஒன்றை வாங்கிவந்தார். மதியம் யாரும் டிபனைத் திறக்கவில்லை. சட்டையை மேசைமேல் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டார். நாங்கள் சுற்றி நின்றோம். நான் காஜாவைப் பார்த்தேன், ஒரு பிசிறு இல்லை. அக்கா காலரை எடுத்து இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தாள். மயிரிழைகூட வித்தியாசமில்லை. கட்டைவிரலால் தையலை முழுக்கத் தடவினாள்.

"நல்லா தைச்சிருக்கா" என்றாள்.

"யாரு?" என்றேன்.

"யாரோ. நம்மள மாதிரி ஒரு ஹால்ல, ஒரு ஜன்னல் பக்கம் உக்காந்துட்டிருப்பா. அவளுக்கு என்ன கூலி தராங்களோ." பிறகு மாஸ்டரைப் பார்த்து, "அவங்க ஊர்லயும் தேர்தல் வரும்ல மாஸ்டர்? அவங்க என்ன பேசிக்குவாங்க?" என்று கேட்டாள்.

மாஸ்டர் சட்டையை மெதுவாக மடித்தார். விவாதமே இல்லாமல் கழிந்த ஒரே மதியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் ஓடியது. மெஷின்கள் ஒவ்வொன்றாக உறை போட்டு மூடப்பட்டன. கடைசியில் முதலாளி வெளிநாட்டுச் சட்டைகளையே மொத்தமாக வரவழைத்து விற்க ஆரம்பித்தார். எங்கள் ஹால் அட்டைப்பெட்டிகளுக்குத் தேவைப்பட்டது. கடைசி நாளன்று மாஸ்டர் அக்காவின் மெஷின் பக்கம் வந்து நின்றார்.

"நீங்க சொன்னதுதான் நடந்துச்சு. மெஷினை மாத்தல, தொழிலை மாத்திட்டாரு."

"நான் ஆறு மாசத்துல மூடிடுவாங்கன்னு சொன்னேன் மாஸ்டர். அஞ்சு வருஷம் ஆச்சே. அதுல நான் தப்பு." மெஷினுக்கு உறை போட்டபடி சொன்னாள்: "அதுவும் இல்லாம, எங்க தெருப் பிள்ளைங்க எல்லாம் இப்ப நல்ல சட்டை போடுதுங்க. கண்ணால பாக்கறேன். அதுல நீங்க சரி."

வீட்டுக்கு வந்து நான் அழுதேன். வேலை போனதற்கா, அந்தப் பேச்சுக்கா என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு அக்காவும் நானும் சேர்ந்து அவள் வீட்டு முன்னறையில் பள்ளிச் சீருடை தைத்தோம். சோற்றுக்குக் குறைவில்லை. மாஸ்டர் தன் மகன் வீட்டில் தங்குவதற்காக வேறு ஊருக்குப் போய்விட்டார். ஆனால் அவர் ஓட்டு எங்கள் ஊரிலேயே இருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்து இறங்குவார். அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு இருவரும் பேசிக்கொண்டே வாக்குச்சாவடிக்கு நடப்பார்கள். ஒரு தடவை வரிசையில் நின்று ஓய்வூதிய வயது பற்றி இருவரும் போட்ட சத்தத்தில் போலீஸ்காரர் வந்து, "ஐயா, உள்ள வரும்போதாவது பேச்சை நிறுத்துங்க" என்று கெஞ்சினார். மெக்கானிக் அண்ணன் பின்னால் நின்று 'ம்' என்றார்.

மாஸ்டர் இறந்து இரண்டு வருஷமாகிறது. அக்காவுக்கு இப்போது கண் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நான் போய்ப் பேப்பர் படித்துக் காட்டுகிறேன். மறுபடியும் தேர்தல் வருகிறது. இந்தத் தடவை சிறுதொழிலுக்கு மானியம் தருவதா வேண்டாமா என்று பேச்சு. போன வாரம், அவளுக்கு ஒரு துணையாக இருக்கட்டுமே என்று, மாஸ்டர் மாதிரி நான் எதிர்த்துப் பேசிப் பார்த்தேன். மானியம் கொடுத்தால் மக்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்றேன்.

"சீ, அவரு அப்படிச் சொல்லவே மாட்டாரு" என்றாள் அக்கா. "ஜனங்களைக் குறை சொல்லி ஒரு நாளும் பேசினதில்ல அந்த மனுஷன். அவரு என்ன சொல்வாருன்னா..." என்று கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, மானியம் ஏன் கூடாது என்று மாஸ்டரின் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். யார் கையில் போய்ச் சேரும், யார் நடுவில் எடுப்பார்கள், அந்தப் பணத்தில் எத்தனை பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடலாம் என்று அவர் குரலின் ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள். அரை மணி நேரம் நான் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். பிறகு, "சரி, இதுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்னு இரு, யோசிக்கிறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.