குழாய்த் தண்ணீர்க் கேள்வி

தெருக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் கேள்வியக்கா. போலீசுக்கு எட்டாத குற்றங்கள் எத்தனை என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டுமாம். அதற்காக வீடு வீடாகப் போய், பெண்களைத் தனியாக உட்காரவைத்து, "வீட்டுல யாராவது கை நீட்டுறாங்களா?" என்று கேட்பதுதான் அவள் உத்தியோகம். முக்கால்வாசிப் பேர் கதவில் இடித்துக்கொண்டதாகத்தான் சொல்வார்கள். அத்தனை பொல்லாத கதவுகள்! நடுவில் வீட்டு ஆண்கள் வந்துவிட்டால் பேச்சைச் சட்டென்று குழாய்த் தண்ணீருக்கு மாற்றிவிட வேண்டும். பயிற்சியில் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான்.

அன்று மாடிவீட்டுப் பெண் வாயைத் திறப்பதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் முகம் வெளிறியது. கேள்வியக்கா கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். புருஷன்காரன் உள்ளே வந்து நின்றான்.

"என்ன விசாரணை?"

"தண்ணி ஒழுங்கா வருதான்னு கேட்டுட்டிருந்தேங்க."

"வருது. கிளம்புங்க."

கேள்வியக்கா படியிறங்கினாள். அவன் நம்பினானா? மேலே தாழ்ப்பாள் விழுந்தது. அதற்குமேல் நின்று கேட்க அவளுக்குத் தைரியமில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, நேத்து உன் கன்னத்தைப் பாத்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. கதவுல இடிச்சுக்கிட்டேன்னு எங்கிட்டயும் சொல்லாத. மாமா அடிக்கிறாரா?"

முதல்முறையாக ஆமாம் என்று சொல்லிவிட நினைத்தாள். வாசலில் புருஷனின் வண்டி வந்து நின்றது. பூட்டில் சாவி திரும்பியது.

"தண்ணியா?" என்றாள் சத்தமாக. "இங்க ஒழுங்கா வருதுடி."