பாட்டுக்கு அடியில் இருந்த குரல்

போன மாதம் பினாங்கில் ஒரு பேரங்காடியின் மூன்றாம் மாடிக் கடையில் பழைய கேசட் ஒன்றைப் பென்டிரைவுக்கு மாற்றக் கொடுத்திருந்தேன். கல்லாவில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு நீட்டினாள். "ஃபுல் எச்டி அங்கிள். சவுண்டும் கிளீன் பண்ணி, லெஃப்ட் ரைட்டெல்லாம் ஒண்ணாக்கிட்டோம். எந்த போன்லயும் ஓடும் லா."

இந்தத் தொழிலை நானும் செய்தவன் என்பதால் சொல்கிறேன், இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு நாசத்தை நாங்கள்கூடச் செய்ததில்லை. நம் ஊர்க் கேமராக்கள் பி.ஏ.எல். முறையில் வினாடிக்கு இருபத்தைந்து படம் எடுத்தவை. அதை முப்பது படமுள்ள அமெரிக்க முறைக்கு மாற்றியிருந்தார்கள். ஏன் என்று கேட்டால், மென்பொருளில் அதுதான் முதலில் வந்ததாம். பாதிக்கு மேல் படம் முன்னே போகிறது, பாட்டு பின்னே வருகிறது.

எனக்கு வேண்டியது பாட்டல்ல, பேச்சு. என் மகள் தர்ஷினிக்கு இடது காது கேட்கவில்லை என்பது இருபது வயதில், வேலைக்கான மருத்துவச் சோதனையில்தான் தெரிந்தது. எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். பிறவியிலேயே என்றால் பயமில்லை. புதிதாக வந்தது என்றால் உள்ளே கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் முந்திக்கொண்டேன். "எல்லாம் இந்த இயர்போனாலதான் டாக்டர்." பத்து வருடமாக அவளைத் திட்டிவந்த வசனம். டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. ஸ்கேனுக்கு நாள் குறித்துவிட்டு, குழந்தையில் எடுத்த வீடியோ இருந்தால் கொண்டுவரச் சொன்னார். கூப்பிட்டால் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்க்கலாமாம்.

வீடியோ இருந்தது, முதல் பிறந்தநாளுக்கு எடுத்தது. கடையில் கொடுத்தது அந்தக் கேசட்தான். ஆனால் முழுக்கச் சினிமாப் பாட்டு. போட்டவன் நான்.

கேசட் டப்பாவைத் திறந்தால் இன்னும் அந்த வாசம் வருகிறது, சூடேறிய பிளாஸ்டிக். பினாங்கு ஸ்திரீட்டில் பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டுடியோ. கீழே மல்லிகை, மேலே ஐந்து ரெக்கார்டர் அவித்த காற்று. அங்கே மனிதக் குரலுக்கு இரைச்சல் என்று பெயர். கல்யாண வீடியோ வந்ததும் முதல் வேலை, இரைச்சலை எடுத்துவிட்டுப் பாட்டுப் போடுவது. மாமனார் வாழைப்பழம் மெல்லுவதற்கும் காதல் பாட்டுத்தான். கெப்பாலா பத்தாஸிலிருந்து ஓர் அக்கா வந்து, "எங்கப்பா வாழ்த்திப் பேசுனாரே தம்பி, அது எங்க?" என்று கேட்டார். பாட்டுப் போட்டால்தான் கிராண்டாக இருக்கும் என்றேன். கேசட்டை வாங்கிக்கொண்டு போனார். ரசனை தெரியாத பொம்பளை என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். ரசனையாம்.

நல்லவேளை, பிறந்தநாளை எடுத்த கேமரா சத்தத்துக்கு இரண்டு தடம் வைத்திருந்தது, ஒவ்வொன்றிலும் இடம் வலம் தனித்தனி. போட்ட பாட்டு இரண்டாவதில் ஏறும். அசல் முதலாவதில் அப்படியே கிடக்கும். என் புத்தியால் தப்பியது அல்ல. கேமரா செய்தவனுக்கு என்னைப் போன்றவர்களைத் தெரிந்திருக்கிறது.

புக்கிட் மெர்தாஜாமில் என் பழைய ஸ்டுடியோக் கூட்டாளியிடம் அதே கேமரா இருந்தது. "உசுரு இருக்கு, பல்லுதான் இல்ல, நம்மள மாதிரி" என்று கொடுத்தான். இருபத்தைந்து படத்தை இருபத்தைந்தாகவே விட்டேன். முதல் தடத்தை மட்டும் எடுத்தேன். சுருக்கவில்லை, சுத்தம் செய்யவில்லை, இடத்தையும் வலத்தையும் ஒன்றாக்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

கேக்கின் முன்னால் தர்ஷினி. என் மனைவி படத்துக்கு வெளியே நிற்கிறாள். அவள் குரல் என் வலது காதில் மட்டும் விழுந்தது. கேமராவைப் பார்த்து உட்கார்ந்த குழந்தைக்கு அது இடப்பக்கம். "தர்ஷிம்மா, இங்க பாருடா." குழந்தை வலப்பக்கம் திரும்பி வெறும் சுவரைப் பார்க்கிறாள். மனைவி மறுபடி கூப்பிடுகிறாள். மறுபடி சுவர். நான்கு முறை. கூடம் முழுக்கச் சிரிப்பு. கேமராவுக்குப் பின்னாலிருந்து என் குரல்: "திமிரப் பாத்தியா."

பிறவிக் குறையாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். ஸ்கேனிலும் கட்டி இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். அந்தச் சிரிப்புத்தான் காதில் வருகிறது, அதுவும் என் குரலில்.

தர்ஷினியிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "பள்ளிக்கூடத்துல மூணாம் ஆண்டுல ஜன்னலோரமா இடம் மாத்தச் சொல்லி அழுதேன்லப்பா? அங்கதான் டீச்சர் பேசறது நல்லாக் கேக்கும். நீங்கதான் டீச்சர்கிட்ட வந்து, செல்லம் குடுக்காதீங்க, மாத்த வேணாம்னு சொன்னீங்க."

சொன்னேன்தான்.

அந்தப் பள்ளிக்கூடம் இப்போது அங்கே இல்லை. கட்டடத்தை இடித்துவிட்டுக் கார் நிறுத்துகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் ஆண்டு வகுப்பு எங்கே இருந்தது, ஜன்னல் எந்தப் பக்கம், எவ்வளவு யோசித்தும் என்னால் சொல்ல முடியவில்லை.