சித்தியின் இத்தாலிக்காரிகள்

என் சித்தி இத்தாலிய நடிகைகளின் படங்களைச் சேர்த்தார். எல்லோரையும் அல்ல, இளவயதில் செத்துப்போனவர்களை மட்டும்.

அப்டன் பார்க்கில் அவர் வேலைசெய்த கஃபேயின் முதலாளியம்மா ஓர் இத்தாலிக்காரி. தன் பழைய சினிமாப் பத்திரிகைகளைச் சித்திக்குக் கொடுத்து, யார் எப்படிப் போனார்கள் என்றும் சொல்வாராம். சித்தி படங்களை வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டி, கீழே தமிழில் எழுதுவார்: ‘இருபத்தாறு. கார் விபத்து.’ ‘முப்பத்தொன்று. நித்திரைக் குளிசை.’

ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டு மாடியில் எனக்கும் சித்திக்கும் ஒரே அறை. எனக்குப் பதினொரு வயது. அந்தக் கொப்பியைத் தொட அனுமதி பெற்ற ஒரே ஆள் நான் என்பதில் அசாத்தியப் பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்ஃபோர்டிலிருந்து சித்தியைப் பெண்பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் என்னைப் பக்கத்தில் இருத்தி, சித்திக்கு என்ன பொழுதுபோக்கு என்று கேட்டார். நான் ஓடிப்போய்க் கொப்பியைக் கொண்டுவந்து அவர் மடியில் விரித்தேன்.

“ஆர் பிள்ளை இவையள்?”

“எல்லாரும் செத்துப்போனவை!” என்றேன் உற்சாகமாக.

பொரித்து வைத்த ரோல்ஸ் தட்டில் அப்படியே கிடக்க, அவர்கள் எழுந்து போனார்கள்.

கதவு சாத்தியதும் அப்பா கொப்பியைத் தாள்தாளாகக் கிழித்தெடுத்து, வாசலில் நின்ற குப்பைத் தொட்டியில் போட்டார். “பிணங்களின்ர படத்தை வைச்சிருந்தால் ஆர் கட்டுவான்?” என்றார். தான் செய்ததுதான் நியாயம் என்று அப்போது அவர் முகத்தில் இருந்த தோரணையை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சித்தி பட்டுச்சேலையோடு தொட்டிக்குள் கையை விட்டு, மீன் செதில் ஒட்டிய தாள்களை ஒவ்வொன்றாய் எடுத்தார். அழவில்லை. அப்பாவின் முன்னால் வந்து நின்று தெருவே கேட்கக் கத்தினார்.

“சோறு போட்டனீங்கள் அத்தான், ஓம். அதுக்காக என்ர துக்கத்தையும் நீங்களோ தீர்மானிக்கிறது?”

சித்தி தாள்களை எண்ணினார். ஒன்று குறைந்தது. என் பக்கம் திரும்பினார்.

“நீ ஏன் எடுத்துக் காட்டினனி?” கன்னத்தில் பளாரென்று ஒன்று விழுந்தது.

கிழித்தது அப்பா, அடி எனக்கா? யாரோ வெள்ளைக்காரிகளுக்காகச் சொந்தப் பெறாமகளை அடிப்பதா? அன்றிரவு முழுக்க எனக்குள் அது கொதித்தது. மறுநாள் பள்ளிக்குப் போகையில், பக்கத்து வீட்டுச் செடிகளுக்குள் அந்தத் தாள் காற்றில் பறந்துபோய்ச் சிக்கியிருந்தது. கட்டை மயிரோடு சிரிக்கிற ஒரு பெண். கீழே வயது மட்டும் எழுதியிருந்தது; எப்படிச் செத்தாள் என்று இல்லை. நான் அதை நாலாய், எட்டாய், பதினாறாய்க் கிழித்து, பஸ் தரிப்பிடத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். மிகத் திருப்தியாக இருந்தது.

அந்த மாதமே சித்தி வேறிடத்தில் அறை எடுத்துக்கொண்டு போனார். அப்பாவோடு பிறகு பேசவேயில்லை. என்னோடு பேச வந்தார்; நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பல வருடங்கள் கழித்து அம்மா ஒருநாள் சொன்னார். ஊரில் சித்தியோடு நாடகம் நடித்த சிநேகிதி ஒருத்தி, யுத்தத்தில், பத்தொன்பது வயதில் ஷெல் விழுந்து செத்தவள். வீடும் எரிந்ததில் அவளுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

“அந்தக் கொப்பியில ஒருத்தி அச்சு அசலா அவளேதான். கட்டை மயிர். அவளைத் தனிய விடக்கூடாதெண்டுதான் உன்ர சித்தி மற்றவையளையும் சேர்த்தவள்.”

அப்பா கிழித்த தாள்களைச் சித்தியால் எடுத்து ஒட்ட முடிந்தது. அன்று காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த நான், யாரோ ஒரு இத்தாலிக்காரியைக் கிழித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.